தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது

நம் இலங்கைத் தூதரகம் ஒன்றின் கவுண்டரில் எடுத்து எல்லோரும் பகிர்கிற அந்த வீடியோவை நான் பகிரவில்லை. "நீங்கள்தானே வளைகுடாவில் ஒன்பது வருசம் இருந்தவர், ஒன்றும் எழுதவில்லையா?" என்று மூன்று நாளாக இன்பொக்ஸில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்தேன், இரண்டு தரம் பார்த்தேன். அந்தப் பெண் கோப்பைத் தூக்கித் தூக்கிக் காட்டுவதும், உள்ளே இருப்பவர் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே "நாளைக்கு வா" என்பதும் எனக்குப் புதிதில்லை. எரிச்சல் வந்தது அதன் கீழே நம்மவர் ஒருவர் போட்ட கருத்தைப் பார்த்து. "இந்தச் சுண்டைக்காய் நாட்டுக்கு எதற்கு இத்தனை தூதரகம்? எல்லாவற்றையும் இழுத்து மூடுங்கள், டொலராவது மிஞ்சும்." அதற்கு விழுந்த இதயங்களில் பாதி எனக்குத் தெரிந்த ஆட்களுடையது. நான்கு பேர் என் சொந்தக்காரர்.

சுண்டைக்காய் நாடு என்பதால்தான் அண்ணே தூதரகம் வேண்டும்.

பெரிய நாட்டுக்காரனுக்கு வெளியில் ஒன்று நடந்தால் அவனுடைய நாட்டின் பெயரே பாதி வேலையை முடித்துவிடும். கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்ததும் போலீஸ்காரனின் குரல் மாறுவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். நம்முடைய கடவுச்சீட்டைப் பார்த்தால் அந்தக் குரல் மாறாது, மாறினாலும் மற்றப் பக்கம்தான் மாறும். மிரட்டப் படையும் இல்லை, வாங்கப் பணமும் இல்லை. நமக்கு இருப்பது, போய்க் கதவைத் தட்டி, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேச ஓர் ஆள். அந்த ஆளையும் வேண்டாம் என்கிறீர்கள்.

சுண்டைக்காயால் என்ன கிழிக்க முடியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழங்கதை. கடலுக்கு யார் சொந்தம் என்பதை உலகமே கூடிப் பேசிய ஐ.நா.வின் மூன்றாவது கடல் சட்ட மாநாட்டுக்கு 1973இல் தலைவரானவர் நம்முடைய ஹமில்டன் ஷெர்லி அமரசிங்க. 1967இல் அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தது மால்ட்டா. 1980இல் அமரசிங்க இறந்ததும் அந்தக் கதிரையில் உட்கார்ந்து 1982இல் உடன்படிக்கையை முடித்துக் கொடுத்தவர் சிங்கப்பூரின் டொமி கோ. மூன்றும் சுண்டைக்காய்கள். இதில் சுவையான இடம் ஒன்று உண்டு. நடுவில் கொழும்பில் ஆட்சி மாறியது, அமரசிங்கவை நம் தூதுக்குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர் நாட்டின் பிரதிநிதியே இல்லாதபோது எப்படித் தலைவராக இருக்கலாம் என்று 1978இல் மாநாட்டில் பெரிய இழுபறி. கடைசியில் வாக்கெடுத்து, இவரே இருக்கட்டும் என்று உலகம் வைத்துக்கொண்டது. நாம் வேண்டாம் என்ற ஆளை! வங்காள விரிகுடாவின் தென்பகுதியில் நம் கண்டத்திட்டின் (கரையிலிருந்து கடலுக்கடியில் நீளும் நிலத்தின்) எல்லையை அளக்கத் தனி முறை ஒன்று அந்த மாநாட்டின் இறுதி ஆவணத்தோடு சேர்க்கப்பட்டது. 2009 மே மாதம் நாம் ஐ.நா.வில் கோரிக்கை வைத்தபோது கையில் பிடித்துக்கொண்டு போனது அதைத்தான். சரி, விடுங்கள், பழங்கதை என்று சொல்லித்தானே தொடங்கினேன்.

செலவுக் கணக்குக்கு வருகிறேன். நாடு வங்குரோத்தானது எனக்கும் தெரியும், பெற்றோல் வரிசையில் நானும் நின்றவன். 2021 கடைசியில் அபுஜா, பிராங்பேர்ட், சைப்ரசின் நிக்கோசியா. 2022 ஏப்ரலில் ஒஸ்லோ, பக்தாத், சிட்னி. தற்காலிகம் என்று சொல்லி மூடினார்கள். பிராங்பேர்ட் சரி, பெர்லினில் தூதரகம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சைப்ரசில் வீட்டு வேலைக்குப் போய் இருக்கும் நம் பெண்கள் எத்தனை பேர் என்று மூடச் சொன்னவர் ஒரு தரமாவது யோசித்திருப்பாரா? 2022இல் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலைக்கென்று இந்த நாட்டை விட்டுப் போனார்கள். 2024இல் வெளிநாட்டிலிருந்து அனுப்பப்பட்ட காசு 6.5 பில்லியன் டொலருக்கு மேல். டொலராவது மிஞ்சும் என்கிறீர்களே, அந்த டொலரை அனுப்புகிறவளுக்கு ஒரு கவுண்டர் வைக்க மாட்டீர்களாம்.

"கட்சிக்காரனையும் மச்சானையும் தூதுவராகப் போடுகிறார்கள், அதற்கா வக்காலத்து?" என்று அடுத்து வருவீர்கள். வாருங்கள். அதற்கு வக்காலத்து வாங்க நான் என்ன பைத்தியமா? நாடாளுமன்றத்தில் உயர் பதவிகள் பற்றிய குழு என்று ஒன்று இருக்கிறது, பெயரை அனுப்பினால் பெரும்பாலும் முத்திரை குத்தித் திருப்பி அனுப்பும். "அமெரிக்காவிலும் தேர்தலுக்குக் காசு கொடுத்தவனைத்தானே தூதுவர் ஆக்குகிறார்கள்" என்று இன்னொருவர் சொன்னார். ஆக்கட்டுமே! அவர்களுடைய தூதுவர் நாள் முழுக்க கோல்ப் விளையாடினாலும் கீழே நூற்றுக்கணக்கில் ஆட்கள் இருக்கிறார்கள், வண்டி ஓடும். நம்முடைய பல தூதரகங்களில் கொழும்பிலிருந்து போன அதிகாரிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அங்கே தலைவர் தூங்கினால் தூதரகமே தூங்கும். துறைக்கு வெளியிலிருந்து போய் நன்றாகச் செய்தவர்களும் உண்டு, நான் மேலே சொன்ன அமரசிங்கவே திறைசேரியிலிருந்து போனவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவரைக் காட்டி மைத்துனரை அனுப்பாதீர்கள். ஆள் பிழை என்றால் ஆளை மாற்று. கிணற்றில் தவளை விழுந்தது என்று யாராவது கிணற்றை மூடுவார்களா?

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எந்த நாடு என்று கேட்க வேண்டாம்.

பெரியம்மாவின் மகன், எங்கள் எல்லோருக்கும் அண்ணன், ஏசி திருத்துகிற வேலை. இரவு சாப்பிட்டுவிட்டு கேம்பில் படுத்தவர் காலையில் எழும்பவில்லை. உடலை ஊருக்கு அனுப்பத் தூதரகத்தின் கடிதம் வேண்டும். அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு போனேன். வரிசையில் எனக்கு முன்னால் மன்னார்ப் பக்கத்துத் தம்பி ஒருவர், கடவுச்சீட்டைக் கஃபீல், அதாவது வேலைக்கு எடுத்த முதலாளி, பிடுங்கி வைத்துக்கொண்ட பிரச்சினை. கவுண்டரில் சொன்ன வசனம் இன்னும் காதில் நிற்கிறது: "தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது." சிங்களத்தில் ஒரு கட்டு இருந்தது, ஆங்கிலத்தில் ஒரு கட்டு இருந்தது. முடிந்துபோனது தமிழ்தான். அந்தத் தம்பி ஆங்கிலப் படிவத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்குச் சுவரில் வைத்து ஆறு பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன், என்னுடையது ஏழாவது. அதே சுவரில் தூதுவர் கேக் வெட்டும் படம் சட்டம் போட்டுத் தொங்கியது. தூதுவரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். தேயிலைக் கண்காட்சிக்கு வந்த ஆட்களோடு இருக்கிறாராம்.

தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் 18ஆவது உறுப்புரையில் இருக்கிறது. கவுண்டரில் இருந்த படிவக் கட்டுக்குள்தான் இல்லை.

இந்த இடத்தில்தான் இன்னொரு கூட்டம் வரும், அவர்களுக்குப் பதில் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். "அது நம்முடைய தூதரகமா? நமக்கு அங்கே என்ன வேலை? நீ ஏன் துடிக்கிறாய்?" நான் ஏன் துடிக்கிறேனா? ரிசானா நபீக்கை மறந்துவிட்டீர்களா? மூதூர்ப் பிள்ளை. வயதைக் கூட்டிப் போட்ட கடவுச்சீட்டோடு 2005இல் சவூதிக்குப் போனபோது அவளுக்கு 17 வயது. போய்ச் சில வாரத்தில் அவள் பார்த்துக்கொண்ட கைக்குழந்தை இறந்தது. அவள் வாக்குமூலத்தை மொழிபெயர்த்த ஆளுக்குத் தமிழ் ஒழுங்காகத் தெரிந்திருந்ததா என்பதே பிறகு பெரிய கேள்வியானது. 2007இல் மரண தண்டனை விதிக்கும்வரை அவளுக்கென்று ஒரு வழக்கறிஞர் இல்லை. பிற நாட்டவர் கைதானால் அவர் கேட்டதும் அவருடைய தூதரகத்துக்குச் சொல்ல வேண்டும், தூதரக ஆள் போய்ப் பார்க்கலாம், வழக்கறிஞர் ஏற்பாடு செய்யலாம் என்று தூதரக உறவுகள் பற்றிய 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையில் 36ஆவது உறுப்புரையாக அழகாக எழுதி வைத்திருக்கிறார்கள். 2013 ஜனவரியில் அவளுடைய தலையை வெட்டினார்கள். அதற்குப் பிறகு கொழும்பு சவூதியிலிருந்து தன் தூதுவரைத் திருப்பி அழைத்தது. பிறகு!

முதல் நாளே தமிழ் தெரிந்த ஒருத்தர் அந்தப் பொலிஸ் நிலையத்துக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்? நடந்திருக்காது என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் அந்த ஒருத்தர் இல்லாததற்கு மருந்து, இருக்கிற கட்டடத்தையும் பூட்டுவது என்று சொல்கிறீர்கள் பாருங்கள், அதுவும் கனடாவிலும் லண்டனிலும் குடியுரிமை எடுத்து, வேறு நிறக் கடவுச்சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொல்கிறீர்கள் பாருங்கள், அதுதான் தாங்க முடியவில்லை. உங்களுக்கு அந்தக் கவுண்டர் தேவையில்லை. வீடியோவில் நின்ற பிள்ளைக்கு வேறு கவுண்டர் இல்லை. (இதை வாசித்துவிட்டு என்னை நட்பிலிருந்து நீக்குகிறவர்கள் நீக்கலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் கோபிப்பேன்.)

அன்றைக்கு மிச்சக் கதை என்ன என்று கேட்பீர்கள். படிவத்தைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றபோது தூதரகத்தின் சாரதி ஒருவர், குருநாகல் பக்கத்துச் சிங்கள மனிதர், ஏன் அழுகிறாய் என்று கேட்டார். நான் அழுதது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. பழைய கடித உறை ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் என்னென்ன கடதாசி வேண்டும் என்று வரிசையாக எழுதிக் கொடுத்தார். தமிழில்! "மரன சேர்டிபிகேட்" என்று தொடங்கும், றன்னகரமும் டண்ணகரமும் பார்க்காத தமிழ், லேபர் கேம்ப்களில் ஆட்களோடு பேசிப் பேசிப் பழகிய தமிழ். வேலை முடிந்த பிறகு தன் நண்பரின் காரில் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனார். இருபத்தாறாம் நாள் அண்ணன் கட்டுநாயக்கவில் வந்து இறங்கினார்.

தூதரகத்தில் ஒருவர் நல்லா உதவி செய்தார் என்று மட்டும்தான் பெரியம்மாவிடம் சொல்லியிருந்தேன். அவ அதை எப்படி எடுத்துக்கொண்டாவோ, ஒவ்வொரு திவசத்துக்கும் விளக்குக் கொளுத்தும்போது "அந்தத் தூதுவர் தம்பி எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்று வாய்விட்டுச் சொல்லுவா. போன மாதமும் சொன்னா. நான் இன்னும் திருத்தவில்லை.