புதுத்தோட்டத்துக் குரங்குக்கு உங்கள் சிப்ஸ் வேண்டாம்

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வால்பாறை போகிற வழியில், புதுத்தோட்டத்தில் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிச் சிப்ஸ் நீட்டுகிறார்கள், குட்டியை வயிற்றோடு அணைத்தபடி ஒரு சிங்கவால் குரங்கு நடுரோட்டுக்கு வந்து வாங்கித் தின்கிறது. கீழே வரிசையாக இதயங்கள். எனக்கு வயிறு எரிகிறது.

ரோட்டில் தீனி போடாதீர்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

வெடிப்பலா, அத்தி, பூச்சி என்று மரத்து உச்சியிலேயே பிழைக்கிற விலங்கு அது. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. தேயிலைக்கும் காப்பிக்கும் காட்டை வெட்டியது போக, புதுத்தோட்டத்தில் அதற்கு மிஞ்சியது 100 ஹெக்டேர்கூட இல்லாத ஒரு துண்டுச் சோலை. வண்டியில் அடிபட்டுச் சாகக்கூடாது என்று ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பழைய தீயணைப்புக் குழாயில் பாலம் கட்டி வைத்திருக்கிறார்கள். கீழே நீங்கள் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டு நின்றால் அது எப்படி மேலே போகும்?

"ஒரு சிப்ஸில் என்ன ஆகிவிடும்?" என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஏறுகிற ஒவ்வொரு காரும் இதையேதான் நினைக்கிறது. முதல் குட்டி போடவே அதற்கு 5, 6 வருடம் ஆகும், ஒரு தடவைக்கு ஒரே குட்டி, அடுத்ததற்கு இரண்டு மூன்று வருடம். ஒரு தாய் டயரில் மாட்டினால் எத்தனை வருட இழப்பு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஆஞ்சநேயர், புண்ணியம் என்று வருகிறவர்கள் அந்தப் பணத்தைக் கோயில் அன்னதானத்துக்குக் கொடுங்கள்.

"தோப்பு வைத்திருக்கிறவன் கஷ்டம் உனக்கென்ன தெரியும்?" என்று ஒருத்தர் கேட்டார். தெரியுங்க. ஆனைமலைப் பக்கம் எங்கள் அப்புச்சியின் தென்னந்தோப்பில் நாட்டுக் குரங்கு இறங்கினால் குரும்பை, இளநீர் எதுவும் மிஞ்சாது. தகரத்தைத் தட்டி, தொண்டை வற்றக் கத்தி விரட்டுவார். ஆனால் ஒருநாளும் கையில் தீனி காட்டிப் பழக்கியதில்லை, "பழக்கிட்டா வூட்டுக்குள்ள வந்துருங் கண்ணு" என்பார். அந்த நஷ்டத்துக்கு நிவாரணம் கேளுங்கள், நானும் கூட நிற்கிறேன். அதற்கும் காரில் வந்து சிப்ஸ் நீட்டுவதற்கும் என்ன சம்பந்தம்?

இதையேதான் எங்கள் சொந்தக்காரர்கள் குழுவிலும் எழுதினேன். "மனுசனை விட உனக்குக் குரங்கு பெருசாப் போச்சா?" என்றார் நான் தூக்கி வளர்த்த பையன். பெரியவர்கள் ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை, சிரிப்புப் பொம்மை மட்டும் போட்டார்கள். அது இன்னும் ஆறவில்லை. வீட்டுப் பிள்ளை ரோட்டில் ஓடினால் பதறுகிறவர்கள்தானே எல்லோரும்?

அந்த வீடியோவைத் திட்டுவதற்காகக்கூடப் பகிராதீர்கள். அதைப் பார்த்துவிட்டு இன்னொருத்தர் பொள்ளாச்சியிலேயே சிப்ஸ் வாங்கிக்கொண்டு மலை ஏறுவார்.