ஊரில் மணி பத்துதானாம்!

தாய்லாந்தில் இரவு 11:30 என்றால் இந்தியாவில் 10 மணி. இந்த ஒன்றரை மணி நேரக் கணக்கை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். வடக்குத் தாய்லாந்தில் இருக்கும் லம்பாங் நகரத்தில் ஒரு சின்ன ஓட்டலில் என் அறைக்கு வெளியே நின்றுகொண்டு, வீடியோ காலை ஸ்பீக்கரில் போட்டு, வீட்டில் இருக்கும் அத்தனை பேரிடமும் வரிசையாக நலம் விசாரித்துக்கொண்டிருந்தார் ஒருவர். கதவைத் திறந்து, "கொஞ்சம் மெதுவா பேசுங்களேன்" என்றேன். "ஊர்ல இப்பத்தான் பத்து மணி சார்" என்றார். அடுத்த நொடியே முகம் மலர்ந்து, "அட, நீங்களும் தமிழா? எந்த ஊரு?"

ஐயா, நீங்கள் நிற்பது எந்த ஊர்? அங்கே மணி என்ன? அதைச் சொல்லுங்கள் முதலில்.

அந்த ஓட்டலைப் பற்றிச் சொல்கிறேன், அப்போதுதான் என் வயிற்றெரிச்சல் புரியும். ஒரு நாள் வாடகை 650 பாத், நம் பணத்தில் ஏறக்குறைய 1,700 ரூபாய். வாங் ஆற்றுக்குப் பக்கத்தில் இரண்டு மாடிக் கட்டடம். லிஃப்ட் கிடையாது. வெள்ளை வெளேர் என்று விரிப்பு, சூடு குறையாத வெந்நீர், சத்தம் போடாத ஏசி, தினமும் இரண்டு தண்ணீர் பாட்டில், கழிவறையில் நமக்குப் பழக்கமான கைக்குழாய். காலையில் சோற்றுக் கஞ்சியும் முட்டையும் காபியும் வாடகையிலேயே சேர்த்தி. சாவிக்கு 200 பாத் முன்பணம், திரும்பிக் கொடுத்ததும் எண்ணிக் கையில் தந்துவிடுவார்கள். நடத்துபவர் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. தாய் மொழியில் 'பா' என்றால் பெரியம்மா முறை. அங்கே எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படித்தான். இதெல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம், அங்கே இருக்கும் அமைதி. படுத்தால் பல்லி கத்துவது கேட்கும். அதற்காகவே சியாங் மாயில் தங்காமல் ரயில் ஏறி, 1,352 மீட்டர் நீளமுள்ள குன் தான் சுரங்கத்தைக் கடந்து, இரண்டாவது தடவையாக இங்கே வந்தேன்.

அந்த அமைதி சும்மா வந்ததில்லை. இந்த மாதிரி மாகாண நகரத்து ஓட்டல்களில் தங்குபவர்களில் பெரும்பாலோர் சுற்றுலாப் பயணிகள் இல்லை. கம்பெனிச் சரக்கை ஊர் ஊராகக் கொண்டுபோகிற விற்பனைக்காரர்கள், அரசு வேலையாக வந்தவர்கள், வேன் ஓட்டுநர்கள். என் பக்கத்து அறையில் இருந்தவர் ஒரு ஓட்டுநர்தான். விடியற்காலை நாலரைக்கு வண்டி எடுக்க வேண்டும் என்று எட்டு மணிக்கே படுத்துவிட்டார். ஊரும் அப்படித்தான். இருட்டு விலகும் முன்பே சந்தை கூடிவிடுகிறது, விடிந்ததும் பிக்குகள் பிச்சைப் பாத்திரத்தோடு வெறுங்காலில் நடந்து வருகிறார்கள், அவர்களுக்குப் போட சோறு வடித்து வைத்துக்கொண்டு வாசலில் ஆள் காத்திருக்கிறது. அதற்காகத்தான் ஊர் ஒன்பது மணிக்கு விளக்கை அணைக்கிறது. இதைப் போய் 'செத்த ஊர்' என்று எழுதுகிறார்களே, அவர்களை என்ன செய்வது? அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேன் வந்து நின்றது. பன்னிரண்டு பேர். 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று ஆனதிலிருந்து, பாங்காக், பட்டாயாவோடு நிற்காமல் வடக்குப் பக்கமும் நம்மவர்கள் வருகிறார்கள். வரட்டும், மனதார வரவேற்கிறேன். ஆனால் வந்த ஐந்தாவது நிமிடம் சண்டை. "பாஸ்போர்ட்டை எதுக்குக் கேக்குறாங்க? குடுக்காதீங்க!" அந்த அம்மா ஆசைப்பட்டா கேட்கிறார்? 1979-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டப்படி, வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும். தராவிட்டால் அபராதம் அவருக்குத்தான். அதை அவர் கைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கேள்வி: "ஆறு ரூம் எடுக்குறோம், 400 பாத்துக்கு குடுங்க." 650 பாத்துக்கு மேல் சேவைக் கட்டணம் என்று ஒரு காசுகூட வாங்காத இடத்தில் பேரம்! கடைசியில் ஆறு அறையையும் 550-க்கு முடித்தார்கள். அறைக்கு 100 பாத், மொத்தம் 600 பாத் அந்த அம்மாவின் மடியிலிருந்து போனது. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவர்கள் தலைக்கு அதைவிட அதிகமாகச் செலவு செய்ததைப் பெருமையாக அவர்களே சொன்னார்கள்.

அப்புறம் இரவு. மலிவான கட்டடம் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே? தரையெல்லாம் டைல்ஸ், கம்பளம் கிடையாது, நீண்ட நடைபாதை, கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி. ஒரு முனையில் இருமினால் மறுமுனையில் கேட்கும். அதில் ஆறு அறைக் கதவையும் திறந்து போட்டுவிட்டு, அறைக்கு அறை கூவிக்கூவிப் பேசுகிறார்கள். "மச்சான், சார்ஜர் இருக்கா?" பத்தடி நடந்து போய்க் கேட்டால் என்ன? பிள்ளைகள் வெறும் டைல்ஸில் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். அதில் எனக்குக் கோபமே இல்லை, பிள்ளைகள் ஓடத்தான் செய்யும். பத்து மணிக்கு மேலும் ஓடட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்கள் மேல்தான் கோபம். அதற்குப் பிறகுதான் அந்த வீடியோ கால். நான் போய்ச் சொன்னதும் பத்து நிமிடம் அடங்கினார்கள். பிறகு பழையபடி. ஒரு மணி வரைக்கும்.

பெரியம்மா ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கீழே மேசையில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு முறை மாடிப்படி வரைக்கும் வந்தார், நின்றார், திரும்பிப் போனார். நான் கண்ணால் பார்த்தேன். தாய்லாந்தில் 'கிரெங் ஜாய்' என்று ஒரு சொல் உண்டு. அடுத்தவருக்குச் சங்கடம் கொடுத்துவிடுவோமோ, முகம் வாடிவிடுமோ என்கிற தயக்கம். நம் பாட்டிமார் முகதாட்சண்யம் என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். அது இருப்பதால்தான் அந்த ஊரில் யாரும் யாரிடமும் குரலை உயர்த்துவதில்லை, 'மெதுவாகப் பேசவும்' என்று எந்தச் சுவரிலும் எழுதி ஒட்ட வேண்டியதில்லை. அந்த ஓட்டலில் துரியன் பழம் கொண்டுவரக் கூடாது என்று ஒரே ஒரு படம்தான் ஒட்டியிருக்கிறது. சொல்லாமலே தெரியும் என்ற நம்பிக்கை! அந்த முகதாட்சண்யத்தை நாம் என்னவென்று எடுத்துக்கொள்கிறோம்? "யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்று. கேட்க ஆளில்லை என்று.

வெள்ளைக்காரர்கள் குடித்துவிட்டுக் கூச்சல் போடுவதில்லையா என்று ஒருவர் எப்படியும் வருவார். போடுகிறார்கள். தீவுகளில் பார்த்திருக்கிறேன், அதற்கும் இதே கோபம்தான். ஆனால் அன்று இரவு கேட்டது என் மொழி. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த ஓட்டுநருக்குப் புரியாது, எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. காலை நாலரைக்கு அவர் தூக்கமில்லாத கண்ணோடு படியிறங்கியபோது நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தக் கண்ணோடு அவர் மலைப்பாதையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

காலை உணவில் இன்னொரு கூத்து. "வெஜ் இல்லையா? என்ன ஓட்டல் இது?" முதல் நாளே 'கின் ஜே' என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும். சைவம் என்று அர்த்தம். மீன் சாறுகூடச் சேர்க்காமல், பூண்டு வெங்காயம்கூட இல்லாமல் சமைப்பார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட 'ஜே' கடைகளை அந்த நாடு முழுக்கப் பார்க்கலாம். பெரியம்மா கோபப்படவில்லை. கையில் கரண்டியோடு ஓடிப்போய், வெறும் சோறும் காய்கறி வதக்கலும் பண்ணிக் கொண்டுவந்தார். பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டு வேன் ஏறினார்கள்.

போகட்டும் என்று இதையெல்லாம் விட்டிருப்பேன். ஊருக்கு வந்து பார்த்தால், இணையத்தில் அந்த ஓட்டலுக்கு இரண்டு நட்சத்திரம் போட்டு எழுதியிருக்கிறார்கள். 'லிஃப்ட் இல்லை. இரவில் எதுவும் இல்லை. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத ஊர்.'

ஒன்றுமே இல்லையா? பாங்காக்கில் வரிசையில் நின்று மரகத புத்தரைப் பார்த்துவிட்டு வந்தீர்களே, அந்தச் சிலை 1436 முதல் 1468 வரை 32 ஆண்டுகள் இருந்தது இந்த லம்பாங்கில். சியாங் மாய்க்குக் கொண்டுபோக ஏற்றிய யானை திரும்பத் திரும்ப லம்பாங் பக்கமே போனது என்று கதை சொல்வார்கள். அந்தச் சிலை இருந்த கோயில், வாட் ப்ரா கேவ் தோன் தாவ், ஊருக்குள்ளேயே இருக்கிறது. கொஞ்ச தூரம் போனால் இன்னொரு கோயில், வாட் ப்ரா தாட் லம்பாங் லுவாங். தாய்லாந்தின் மிகப் பழைய மரக் கட்டடங்களில் ஒன்று அங்கே நிற்கிறது. அங்கே ஓர் இருட்டறையில் துணியில் ஸ்தூபியின் நிழல் தலைகீழாக விழும், சின்னத் துளை வழியாக வரும் வெளிச்சத்தில். தேக்கு வியாபாரத்துக்கு வந்த பர்மாக்காரர்கள் கட்டிய கோயில்கள், சேவல் படம் போட்ட பீங்கான் கிண்ணங்கள், இன்னமும் ஓடுகிற குதிரை வண்டிகள். இரவுச் சந்தை வேண்டுமா? காட் கோங் தா தெருவில் சனி, ஞாயிறு சாயங்காலம் கூடும். நீங்கள் வந்தது செவ்வாய்க்கிழமை!

பெரியம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நட்சத்திரம் எண்ணத் தெரியும். இருபதுக்கும் குறைவான அறைகள் உள்ள இடத்துக்கு இரண்டு நட்சத்திரம் எவ்வளவு கனமாக விழும் என்று எழுதியவருக்குத் தெரியுமா? ஓட்டலை விட்டுக் கிளம்பும்போதே நான் பெரியம்மாவிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டிருந்தேன். "மாய் பென் ராய்" என்று சிரித்தார். பரவாயில்லையாம். எனக்குத்தான் அப்படிப் பரவாயில்லை என்று விட முடியவில்லை.

ஐந்து நட்சத்திரம் போட்டு, நடந்ததை நடந்தபடி தமிழிலேயே எழுதிவிட்டேன். நவம்பரில் மறுபடியும் போகிறேன், அதே மாடி, அதே அறை. எந்த வேன் வந்தாலும் சரி, இந்தத் தடவை 10 மணிக்கே போய்க் கதவைத் தட்டுவேன். லம்பாங் நேரப்படி 10 மணிக்கு.