160 வருஷக் கணக்கு சொல்கிறவர்களுக்கு

ஜூன்டீன்த் அன்று, அதாவது அமெரிக்காவில் கறுப்பின அடிமைகளின் விடுதலையைக் கொண்டாடும் ஜூன் 19 அன்று, அந்த அண்ணன் போட்ட வீடியோவைப் பற்றித்தான் சொல்கிறேன். எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "லிங்கன் ஒரே கையெழுத்துல விடுதலை குடுத்துட்டாரு, 160 வருஷம் ஆச்சு, இன்னும் என்ன அழுகை?" அவர் பேசியதுகூடப் பரவாயில்லை. கீழே கைதட்டியவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். அதுதான் மனசு ஆறவில்லை.

அந்தக் கையெழுத்துக்கே வருவோம். லிங்கனின் 1863 விடுதலைப் பிரகடனம், பிரிந்துபோய்ப் போர் தொடுத்த தெற்கின் கிளர்ச்சிப் பகுதிகளுக்கு மட்டும். பிரியாமல் இருந்த கென்டக்கி, மேரிலாந்து மாநிலங்களின் அடிமைகளை அது தொடவில்லை. நாடு முழுக்க அடிமைமுறை ஒழிந்தது 1865 டிசம்பரில், அரசியல் சட்டத்தின் 13-ஆவது திருத்தத்தால். அதிலும் குற்றத்துக்குத் தண்டனையாக என்றால் கட்டாய வேலை வாங்கலாம் என்று விட்டுவைத்தார்கள். அதே வருஷம் மிசிசிப்பி மாநிலம், வேலையில்லாமல் திரிவதே குற்றம் என்று சட்டம் போட்டது. அபராதம் கட்ட முடியாதவனைத் தோட்ட முதலாளியிடம் வேலைக்கு விட்டார்கள். அலபாமா தன் கைதிகளைச் சுரங்கங்களுக்கு வாடகைக்கு விட்டது 1928 வரை. இதற்குப் பெயர் முடிந்துபோன கதையா?

விடுதலையை யாரும் சும்மா தூக்கிக் கொடுக்கவும் இல்லை. ராபர்ட் ஸ்மால்ஸ் என்று ஒருவர், தெற்குப் படையின் கப்பலில் வேலை பார்த்த அடிமை. 1862 மே மாதம், தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகம். வெள்ளை அதிகாரிகள் கரையில் தங்கிய இரவில், கேப்டனின் தொப்பியை மாட்டிக்கொண்டு, கோட்டையைத் தாண்டும்போது சரியான விசில் கொடுத்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு கப்பலையே வடக்குப் படையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிறகு நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். அதே மனிதர் 1895-ல் தென் கரோலினா அரசியல் சட்ட மாநாட்டில், தன் மக்களின் ஓட்டைப் பறிக்காதீர்கள் என்று பேசித் தோற்றார். வாங்கியதும் பறிகொடுத்ததும் ஒரே ஆயுளில். லூசியானாவில் 1896-ல் பட்டியலில் இருந்த கறுப்பின வாக்காளர்கள் 1,30,000-க்கு மேல். 1904-ல் 1,342. பறித்தார்கள். திரும்பத் திரும்பச் சொல்கிறேன், பறித்தார்கள்.

என்னோடு வேலை பார்த்த அலபாமாக்கார அக்கா ஒருநாள் போனில் ஒரு படம் காட்டினார். அவர் பாட்டி ஓட்டுப் போடுவதற்காக வரி கட்டிய ரசீது. ஒன்றரை டாலர். மடித்து மடித்துப் பெயர் இருந்த இடமே கிழிந்திருந்தது. பாட்டி பள்ளிக்கூட டீச்சர். அவரையே எழுத்தறிவுச் சோதனையில் ஃபெயில் ஆக்கி அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பாட்டியிடம் போய்ச் சொல்லுங்கள் உங்கள் 160 வருஷக் கணக்கை.

"அப்போ லிங்கனைக் குறை சொல்றியா?" என்று வருவீர்கள். இல்லை. அந்த மனிதர் உயிரையே கொடுத்தார். அவருக்குப் பின்னால் வந்த ஆண்ட்ரூ ஜான்சன், விடுதலையானவர்களுக்கு ஒதுக்கிய நிலத்தைப் பழைய முதலாளிகளிடமே திருப்பிக் கொடுத்தார். 1877-ல் ஹேஸ் ஜனாதிபதி நாற்காலியில் உட்கார்ந்ததும் தெற்கில் காவலுக்கு நின்ற படையை விலக்கினார். என் கோபம் அங்கே.

"நம்ம ஊர் சாதியைப் பேசு முதல்ல" என்பவர்களுக்கு: பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், பழைய பதிவுகளைப் பாருங்கள்.

உண்மையில் வலிப்பது வேறு. கைதட்டிய பலர் டல்லாஸிலும் நியூஜெர்சியிலும் வீடு வாங்கி உட்கார்ந்திருப்பவர்கள். 1965-க்கு முன்னால் இந்தியாவுக்கு இருந்த குடியேற்ற ஒதுக்கீடு வருஷத்துக்கு வெறும் 100 பேர். அலபாமாவின் செல்மா ஊரில் ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போய் அடி வாங்கியவர்கள் நாட்டை உலுக்கிய அந்த வருஷத்தில்தான் அந்தக் கதவும் திறந்தது. "அது வேற சட்டம், இது வேற சட்டம்" என்பீர்கள். வேறுதான். வாக்குரிமைச் சட்டம் ஆகஸ்ட் 6, குடியேற்றச் சட்டம் அக்டோபர் 3. அதே நாடாளுமன்றம், அதே ஜனாதிபதி.