நாவாட்லும் மாயாவும் ஒரே மொழிக்குடும்பம் அல்ல

மெக்சிகோவின் நாவாட்ல் மொழியிலும் மாயா மொழிகளிலும் ‘மனிதனின் நாய்’ என்பதை ‘அவன் நாய் அந்த மனிதன்’ என்ற அமைப்பில்தான் சொல்கிறார்கள், ஆகவே அவை ஒரே தாய்மொழியிலிருந்து பிரிந்தவை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முற்பகுதி சரியே, அதிலிருந்து எடுத்த முடிவைத்தான் அன்புடன் திருத்த விரும்புகிறேன்.

நாவாட்ல் ஊட்டோ-அஸ்டெக் குடும்பத்தைச் சேர்ந்தது. மாயா மொழிகள் தனிக்குடும்பம். அருகருகே வாழ்ந்து, இருமொழி பேசி, வணிகம் செய்த மக்களிடையே இலக்கணக்கூறுகள் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவும். மொழியியலாளர்களான லைல் கேம்ப்பெல், டெரன்ஸ் காஃப்மன், தாமஸ் ஸ்மித்-ஸ்டார்க் ஆகியோர் 1986இல் இந்த உடைமை அமைப்பு, இருபதை அடியாகக் கொண்ட எண்முறை, வினைச்சொல்லில் முடியாத தொடரமைப்பு உள்ளிட்ட 5 கூறுகளைக் கொண்டே நடு அமெரிக்காவை (மெசோஅமெரிக்காவை) ஒரு மொழித்தொடர்பு வட்டாரமாக, அதாவது அண்டைமொழிகள் கூறுகளைப் பகிர்ந்துகொண்ட பகுதியாக, வரையறுத்தனர்.

இதை யாரும் சரிபார்க்கலாம். ‘கை’ என்பதற்கான சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: நாவாட்லில் மாயிட்ல், ‘என் கை’ என்னும்போது ஈறு உதிர்ந்து நோமா ஆகிவிடுவதால், வேர் ‘மா’ என்பது தெளிவாகத் தெரியும். வெகு தொலைவில், அமெரிக்காவின் அரிசோனாவில் பேசப்படும், நாவாட்லின் உறவுமொழியான ஹோப்பியிலும் அது மா தான். பக்கத்திலேயே இருக்கும் யுகாத்தேக் மாயாவிலோ காப். அதே ஹோப்பி தொடரை வினையில் முடிக்கிறது, நாவாட்ல் அப்படி முடிப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்: அடிப்படைச் சொல் வடக்கே உள்ள உறவைக் காட்டுகிறது, தொடரமைப்பு தெற்கே வாய்த்த அண்டை வீட்டாரைக் காட்டுகிறது. மொழிக்குடும்பங்களைப் பட்டியலிடும் கிளாட்டோலாக் தளத்திலும் இவ்விரண்டும் தனித்தனிக் குடும்பங்களின் கீழேயே உள்ளன.