ராத்திரியிலும் சாத்தாத கதவு

போன மாதம் ஒரு அருங்காட்சியகத்தில் ரோமானிய வெள்ளிக் காசு ஒன்றின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டேன். ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்துக் காசு. மிளகுக்கும் மணிக்கும் விலையாகக் கப்பலேறி வந்து, கோயம்புத்தூர், கரூர்ப் பக்கத்து மண்ணில் புதைந்து கிடந்து, இரண்டாயிரம் வருடம் கழித்துக் கிடைக்கிற வகை. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஒரு பக்கம் அகஸ்டஸின் தலை. மறுபக்கம் இரண்டு பையன்கள், கேடயத்தையும் ஈட்டியையும் நடுவில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். காயஸ், லூசியஸ். அவருடைய மகள் வயிற்றுப் பேரன்கள், அவரே தத்தெடுத்து மகன்களாக்கிக்கொண்டவர்கள். சுற்றி ஓடும் எழுத்துகளில் 'காஸ் டெசிக்' என்று ஒரு துண்டு வருகிறது. கான்சல் பதவிக்குக் குறிக்கப்பட்டவர்கள் என்று அர்த்தம்.

கான்சல் என்பது ரோமக் குடியரசின் உச்சப் பதவி. ஒரே நேரத்தில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் எடுக்கும் முடிவை இன்னொருவர் தடுக்கலாம். வருடம் முடிந்தால் இருவரும் இறங்கிவிட வேண்டும். குடியரசின் கடைசி நூற்றாண்டில் 42 வயதுக்குக் கீழே யாரும் அந்தப் பதவிக்கு வரக்கூடாது என்று சட்டம் இருந்தது. பேச்சாளர் சிசரோ கி.மு. 63-ல், சட்டம் இடம்கொடுத்த முதல் வருடத்திலேயே கான்சல் ஆனதை ஆயுள் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பையன்களுக்கு அதே பதவியை எழுதிவைத்தபோது அவர்களுக்கு வயது பதினைந்துகூட முடியவில்லை.

அந்தக் காசைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. யாருக்காக என்று யோசித்தால், கான்சல்களுக்காகவோ செனட்டுக்காகவோ அல்ல. சாதாரண ஜனங்களைக் காக்க டிரிபியூன் என்று ஒரு பதவி இருந்ததே, அதற்காக. ரோமைப் பற்றிப் பேசுகிறவர்கள் சீசரைச் சொல்வார்கள், புரூட்டஸின் கத்தியைச் சொல்வார்கள். டிரிபியூனைப் பற்றி அரை வரி சொல்லிவிட்டுக் கடந்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் அந்த ஊர் உலகத்துக்குக் கொடுத்த ஆகப் பெரிய சொத்து அதுதான்.

கதை ஒரு கிழவரிடமிருந்து தொடங்குகிறது. வரலாற்றாசிரியர் லிவி சொல்வது. கி.மு. 495. ஊரின் நடுவில் இருந்த ஃபோரம் சதுக்கத்துக்குள் ஒரு கிழவர் ஓடிவருகிறார். அழுக்குத் துணி, எலும்பும் தோலுமான உடம்பு, காடாக வளர்ந்த தாடி. சிலருக்கு அடையாளம் தெரிகிறது, பழைய படைத்தலைவர். மார்பில் போர்க்காயத் தழும்புகள். அவர் சொல்கிறார்: நான் சண்டைக்குப் போயிருந்தபோது எதிரி என் வயலை அழித்தான், வீட்டைக் கொளுத்தினான், மாட்டை ஓட்டிக்கொண்டு போனான். அந்த நேரம் பார்த்து வரி வந்தது. கடன் வாங்கினேன். வட்டி ஏறியது. தாத்தா, அப்பா காலத்து நிலம் போனது, அப்புறம் மற்றது எல்லாம் போனது, கடைசியில் இந்த உடம்பும் கடன் கொடுத்தவனுக்குப் போனது. சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக் காட்டுகிறார். அங்கே சாட்டையடியின் புதுக் காயம். முன்னால் நாட்டுக்காக வாங்கியது, பின்னால் வட்டிக்காக வாங்கியது.

இந்தக் கதைகள் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு நானூறு, ஐநூறு வருடம் கழித்து எழுதப்பட்டவை. ஒவ்வொரு வார்த்தையையும் நம்ப வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கடனுக்கு உடம்பையே ஈடாகப் பிடித்தது கதை இல்லை, அதற்குச் சட்டமே இருந்தது. கி.மு. 451, 450-ல் எழுதப்பட்ட பன்னிரண்டு பலகைச் சட்டத்தைப் பாருங்கள். தீர்ப்பு வந்த பிறகு 30 நாள் தவணை. அதற்குள் கட்டாவிட்டால் கடன் கொடுத்தவன் பிடித்துக்கொண்டு போய் விலங்கு மாட்டலாம். விலங்கின் எடைக்குக்கூட அளவு சொல்லியிருக்கிறது. 60 நாள் அடைத்து வைக்கலாம். அடுத்தடுத்து மூன்று சந்தை நாளில் சதுக்கத்துக்கு இழுத்து வந்து, இவன் இவ்வளவு பாக்கி என்று கூவ வேண்டும், யாராவது மீட்பார்களா என்று பார்க்க. யாரும் வராவிட்டால் டைபர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் அடிமையாக விற்கலாம். இத்தனைக்கும் இது முன்னேற்றம். அதற்கு முன்னால் சட்டம் எழுத்திலேயே இல்லை, பட்ரீஷியன் என்ற பெருங்குடிக்காரர்களின் வாயில் இருந்தது. அதை எழுதிவை என்று முதலில் கேட்டவரும் ஒரு டிரிபியூன்தான், டெரென்டிலியஸ் ஹார்ஸா, கி.மு. 462-ல். கேட்டுப் பத்து வருடம் இழுத்தடித்தார்கள்.

சரி, டிரிபியூன் எப்படி வந்தார்? கி.மு. 494-ல் பிளீபியன்கள் என்ற சாதாரண ஜனங்கள் அடங்கிய படையை இன்னொரு சண்டைக்குப் போகச் சொன்னார்கள். போகவில்லை. ஊரைவிட்டு மூன்று மைல் தள்ளி, அனியோ ஆற்றுக்கு அக்கரையில் இருந்த புனிதக் குன்றில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். கையில் ஆயுதம் இருந்தும் யாரையும் தாக்கவில்லை, எதையும் கொள்ளையடிக்கவில்லை. சாப்பாட்டுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். காவலுக்கு ஆள் இல்லாமல் நகரம் நடுங்கியது.

சமாதானம் பேச மெனேனியஸ் அக்ரிப்பா என்பவர் போய், வயிற்றோடு கோபித்துக்கொண்டு கையும் வாயும் வேலைநிறுத்தம் செய்து கடைசியில் உடம்பே வாடிப்போன கதையைச் சொன்னாராம். எங்கே பார்த்தாலும் இந்தக் கதையைத்தான் எழுதுகிறார்கள், ஏதோ கதை கேட்டு மனம் மாறி இறங்கி வந்த மாதிரி. எனக்கு அதில் துளியும் ஒப்புதல் இல்லை. கதை கேட்டவர்கள் பேரம் முடியும்வரை இறங்கவில்லை. எங்களுக்கென்று எங்களிலிருந்தே ஆட்கள் வேண்டும், அவர்கள் மேல் யாரும் கை வைக்கக்கூடாது என்று எழுதி வாங்காத குறையாக வாங்கிக்கொண்டுதான் திரும்பினார்கள்.

அப்படி வந்தவரிடம் என்ன இருந்தது? படை இல்லை. கான்சலுக்கு முன்னால் கோடரி செருகிய கழிக்கட்டைத் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு சேவகர்கள் போவார்கள், டிரிபியூனுக்கு அதுவும் இல்லை. அதிகாரிக்கு உரிய ஊதாக் கரை போட்ட அங்கியும் இல்லை. இருந்ததெல்லாம் ஜனங்கள் போட்ட சத்தியம். இவர் மேல் கை வைக்கிறவன் தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவன், அவனை யார் கொன்றாலும் குற்றமில்லை. அந்தச் சத்தியத்தை வைத்துக்கொண்டு, கான்சலின் ஆள் ஒரு ஏழையை இழுத்துப் போகும்போது டிரிபியூன் நடுவில் போய் நிற்பார். தன் உடம்பைக் குறுக்கே வைப்பார். அவ்வளவுதான், நிறுத்தியாக வேண்டும். பின்னாளில் அது செனட்டின் தீர்மானங்களையும் நிறுத்தும் அளவுக்கு வளர்ந்தது. இன்றைக்கு ஐ.நா. செய்தியில் அடிபடும் வீட்டோ என்ற சொல் லத்தீன்தான், 'தடுக்கிறேன்' என்று அர்த்தம்.

இன்னொரு விதிதான் என்னை உலுக்குவது. டிரிபியூன் வீட்டுக் கதவைப் பகலிலும் ராத்திரியிலும் சாத்தக்கூடாது. ஊரைவிட்டு ஒரு நாள் முழுக்க வெளியே இருக்கவும் கூடாது. ஏனென்றால் எந்த நேரத்தில் எவன் ஓடிவந்து காப்பாற்று என்று கத்துவான் என்று தெரியாது. நினைத்துப் பாருங்கள், விலங்குக்கே எடை சொல்லும் சட்டம் இருந்த ஊரில், நள்ளிரவில் தட்டவே தேவையில்லாத ஒரு கதவு. வருடா வருடம் தேர்ந்தெடுக்கப்பட்ட பத்துப் பேர் அப்படிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தார்கள்.

ரோம் ஒன்றும் நாம் நினைக்கும் ஜனநாயகம் இல்லை, தெரியும். பெண்களுக்கு ஓட்டு இல்லை, அடிமைகள் கணக்கிலேயே வரவில்லை. கான்சல் தேர்தலில் 193 ஓட்டுப் பிரிவுகள். அதில் குதிரைவீரர் பிரிவும் முதல் வகுப்புப் பணக்காரர்களும் மட்டும் 98. அவர்கள் ஒன்றாகப் போட்டால் முடிந்தது, ஏழையின் முறை வருவதற்குள் எண்ணிக்கையை நிறுத்திவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் கடனுக்கு ஆளைக் கட்டும் வழக்கத்தை கி.மு. 326 வாக்கில் ஒழித்தார்கள், கி.மு. 287-ல் பிளீபியன் சபை போடும் சட்டம் பட்ரீஷியனையும் கட்டும் என்று ஆக்கினார்கள். இதெல்லாம் தானாக நடந்ததா?

அப்புறம் கி.மு. 133. டைபீரியஸ் கிராக்கஸ் டிரிபியூன். பொது நிலத்தில் ஒரு ஆள் 500 யூகெரா, நம் கணக்கில் முந்நூறு ஏக்கர் சொச்சம், அதற்கு மேல் வைத்திருந்தால் எடுத்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுக்கச் சட்டம் கொண்டுவருகிறார். சக டிரிபியூன் ஆக்டேவியஸ் 'தடுக்கிறேன்' என்கிறார். ஏழைகளைக் காக்க வந்த சொல் முதல்முறையாக இவ்வளவு வெளிப்படையாகப் பணக்காரர்களின் காவல்நாயாகிறது. கிராக்கஸ், ஆக்டேவியஸை நீக்கவே ஓட்டுக்கு விடுகிறார். இந்தச் சபையில் குலங்கள் என்ற ஓட்டுப் பிரிவுகள் மொத்தம் 35. 17 நீக்கு என்று போட்டாகிவிட்டது, இன்னும் ஒன்று வந்தால் முடிந்தது. அங்கே ஓட்டை நிறுத்திவிட்டு, ஆக்டேவியஸைக் கட்டிப்பிடித்து, விட்டுக்கொடுத்துவிடு என்று கெஞ்சுகிறார் என்று கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். ஆக்டேவியஸுக்கும் கண் கலங்குகிறது. பேசாமல் நிற்கிறார். பிறகு அந்தப் பக்கம் கூட்டமாக நிற்கும் செல்வந்தர்களைப் பார்க்கிறார். செய்ய நினைத்ததைச் செய்துகொள் என்கிறார். பதினெட்டாவது குலமும் போடுகிறது.

பல வருடமாக நான் கிராக்கஸ் செய்தது நூற்றுக்கு நூறு சரி என்றுதான் நினைத்தேன். இப்போது அந்த இடத்தில் தயங்குகிறேன். ஒரு டிரிபியூனை ஓட்டுப் போட்டுக் கீழே இழுக்கலாம் என்று ஒருமுறை காட்டிவிட்டால், அடுத்தவரின் உடம்புக்கு என்ன மதிப்பு? ஆனால் தயக்கம் அதோடு சரி. சில மாதத்தில் செனட்டர்கள் செய்தது இதனோடு ஒப்பிடவே முடியாதது. தலைமைப் பூசாரி நாஸிகா முன்னால் போக, உடைந்த பெஞ்சுக் கால்களைத் தூக்கிக்கொண்டு வந்து டிரிபியூனை அடித்தே கொன்றார்கள். தலையில் முதல் அடி போட்டது இன்னொரு டிரிபியூன். அவரோடு 300 பேருக்கு மேல் செத்தார்கள், ஒருவர்கூட வாளால் இல்லை, எல்லாம் கட்டையும் கல்லும். உடலையாவது கொடுங்கள் என்று தம்பி கேட்டார். கொடுக்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக டைபரில் போட்டார்கள்.

361 வருடத்துக்கு முன்னால் குன்றின் மேல் போட்ட கணக்கு அன்றைக்கு முறிந்தது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்கு எச்சம்தான். சர்வாதிகாரி சுல்லா டிரிபியூன்களின் பல்லைப் பிடுங்கினார், கி.மு. 70-ல் திரும்ப வைத்தார்கள். கி.மு. 49-ல் டிரிபியூன்களை அவமதித்துவிட்டார்கள் என்று சொல்லி சீசர் படையோடு ரூபிகான் ஆற்றைத் தாண்டினார். தாண்டி ரோமுக்கு வந்தவர், கருவூலத்தைத் திறக்கப் போனபோது குறுக்கே நின்ற டிரிபியூன் மெடெல்லஸைக் கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார். அதே வருடம், அதே மனிதர்.

கடைசியாக அகஸ்டஸ். அவர் தத்துப் போன குடும்பம் பட்ரீஷியன், சட்டப்படி டிரிபியூன் ஆக முடியாது. அதனால் கி.மு. 23-ல் பதவியை விட்டுவிட்டு அதன் அதிகாரத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். கை வைக்கக்கூடாத உடம்பு, தடுக்கும் உரிமை, எல்லாம். தன் ஆட்சி வருடங்களையே அதை வைத்துத்தான் எண்ணினார். சாகும்போது 37-வது வருடம். ஒரு வருடத்துக்கு மேல் கூடாது என்று இருந்தது 37 வருடம். கடன்பட்டவனுக்காகக் கண்டுபிடித்த கவசத்தை ஊரிலேயே பெரிய பணக்காரர் போட்டுக்கொண்டார். அவர் வீட்டுக் கதவு ராத்திரியில் திறந்தா இருந்தது?

காசில் இருந்த லூசியஸ் கான்சல் ஆகவே இல்லை. கி.பி. 2-ல் 18 வயதில் இறந்துபோனான். அண்ணன் இரண்டு வருடம் கழித்து.

வீட்டுக்கு வந்து இன்னொரு ரோமக் காசின் படத்தைத் தேடி எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொண்டேன். கி.மு. 113 வாக்கில், நெர்வா என்ற காசு அதிகாரி அடித்தது. அதில் ராஜா இல்லை, பேரன் இல்லை. ஓட்டுப் போடப் போகிறவர்கள் ஏறிப்போகும் மரப்பாலம். ஒருவர் கீழே நிற்கும் ஊழியரிடம் ஓட்டுப் பலகையை வாங்குகிறார், இன்னொருவர் தன் பலகையைப் பெட்டிக்குள் போடுகிறார். வாயால் சொல்லாமல் பலகையில் எழுதி ரகசியமாகப் போடலாம் என்று கி.மு. 139-ல் சட்டம் கொண்டுவந்தவர் கபினியஸ், ஒரு டிரிபியூன். அப்படியும் பாலத்தில் பக்கத்தில் நின்று, என்ன எழுதியிருக்கிறாய் என்று எட்டிப் பார்க்கப் பெரிய மனிதர்களின் ஆட்கள் இருந்தார்கள். கி.மு. 119-ல் டிரிபியூனான மாரியஸ் பாலத்தையே குறுக்கச் சட்டம் கொண்டுவந்தார். செனட் கூப்பிட்டு விசாரித்தது. மாரியஸ் பயப்படவில்லை, தீர்மானத்தைத் திரும்பப் பெறாவிட்டால் கான்சல் கோட்டாவைச் சிறையில் போடுவேன் என்றார். கோட்டாவுக்கு ஆதரவாக எழுந்த மெடெல்லஸையும் (சீசர் மிரட்டியவர் அல்ல, இவர் வேறு) கூட்டிப்போகச் சொல்லி ஏவலாளைக் கூப்பிட்டார். மெடெல்லஸ் மற்ற டிரிபியூன்களைப் பார்த்து உதவி கேட்டார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. செனட் பின்வாங்கியது. பாலம் குறுகியது, ஒரு ஆள் மட்டும் நடக்கிற அளவுக்கு.