துப்பாக்கிக்குள் உப்புத்தாள் வேண்டாம்

டெக்சாஸில் சுடுதளத்துக்குப் போய்வரும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன்.

போன மாதம் எனக்கு அடுத்த தடுப்பில் நின்றவர் ட்ரிகரை ஒரு முறைதான் இழுத்தார். இரண்டு குண்டு வெடித்தது. இரண்டாவது மேலே கூரையில் போய் அடித்தது. யாருக்கும் அடிபடவில்லை. அவர் கையில் இருந்தது 1911 ரகப் பிஸ்டல். ட்ரிகர் இழுக்க லேசாக இருக்கட்டும் என்று, முந்தின வாரம் வீட்டிலேயே டிரெமல் (கையில் பிடிக்கும் சிறு சுழல் கருவி) வைத்து உள்பாகங்களைத் தேய்த்தாராம். "லேசாத்தானே தேய்ச்சேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், முகமெல்லாம் வெளிறிப்போய்.

அந்த 'லேசா'தான் எனக்குப் பயம். 1911 ரகப் பிஸ்டலில் ஹேமரை, அதாவது குண்டை வெடிக்கவைக்கும் சுத்தியலை, பிடித்து நிறுத்தும் கொக்கியின் உயரம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அதில் சியர் என்ற தடுப்புத் துண்டின் விளிம்பு உட்காரும் கோணம் கொஞ்சம் மாறினாலும் பிடிப்பு போய்விடும். பல பாகங்களில் மேல்தோலை மட்டுமே கடினப்படுத்தியிருப்பார்கள். அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது மெத்தென்ற எஃகு. முதல் நாள் ட்ரிகர் வெண்ணெய் மாதிரி இருக்கும். சுட்டுக்கொண்டே போகப் போக விளிம்பு மழுங்கும். பிறகொரு நாள் ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) அறைந்து மூடும் அதிர்ச்சியிலேயே ஹேமர் நழுவும், அடுத்த குண்டு தானாக வெடிக்கலாம்.

கிளாக் ரகப் பிஸ்டலிலும் இதே கதைதான். '25 சென்ட் ட்ரிகர் ஜாப்' (சில்லறைச் செலவில் ட்ரிகரை மென்மையாக்கும் வேலை) என்று மெருகுப் பசை தடவித் தேய்க்கச் சொல்கிறார்கள். துணியும் பசையும் மட்டும் என்றால் பெரிய கேடு வராமல் போகலாம். ஆனால் குண்டின் பின்புறத்தைக் குத்தி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின்னைத் தடுத்து நிறுத்தும் பிளஞ்சர் என்ற சின்னத் தண்டையும் சேர்த்துத் தேய்க்கிறார்களே! துப்பாக்கி கைநழுவி விழுந்தால் வெடிக்காமல் காப்பது அதுதான்.

நானும் செய்தவன்தான். மூன்று வருடம் முன்பு என் பிஸ்டலின் உள்பாகங்களுக்கு மெருகு போட்டேன். நான்கு மாதத்தில் ஸ்லைடு ஸ்டாப் (ஸ்லைடைத் திறந்த நிலையில் பிடித்து நிறுத்தும் நெம்பு) உடைந்தது, நான் தொடாத பாகம். உலோகத் தூளை அச்சில் வார்த்துச் சுட்டெடுத்த பாகம் அது. உள்ளே நுண்ணிய வெற்றிடம் இருந்திருக்கலாம். ஆனால் தயாரிப்பாளர் "உள்ளே ஏதாவது மாற்றினீர்களா?" என்று கேட்டபோது ஆமாம் என்றுதான் சொல்ல முடிந்தது. வாரண்டி அங்கேயே முடிந்தது. என் கைவேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இன்றுவரை என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

ஏற்கெனவே தேய்த்துவிட்டவர்கள் அந்தத் துப்பாக்கியில் இனிக் குண்டு போடாதீர்கள். துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, தேய்த்த பாகங்களைப் புதிதாக மாற்றுங்கள். திரும்ப வந்ததும் முதலில் மேகசினில் (குண்டு அடுக்கும் பெட்டியில்) இரண்டே குண்டு போட்டுச் சுட்டுப் பாருங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், சனிக்கிழமை காலை நானும் கூட வருகிறேன்.