உரைக் கோப்பை பிடிஎஃப் ஆக்க லேடெக் கட்டாயமில்லை

இரண்டு பக்கக் கடிதம் ஒன்றை பிடிஎஃப் ஆக்குவது எப்படி என்று இந்த இழையில் ஒருவர் கேட்டிருந்தார். எளிய உரைக் கோப்பை பிடிஎஃப் ஆக்க லேடெக் (ஆவணங்களை அச்சுக்கு ஏற்ப வடிவமைக்கும் மென்பொருள்) நிறுவியே ஆக வேண்டும் என்று அதற்கு மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு இன்னும் இரண்டு பேர் முயற்சியையே கைவிடுவதாக எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறேன். அது அவசியமில்லை.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்திருக்கும் என்று புரிகிறது. பாண்டாக் என்ற, கோப்புகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் நிரலிடம் வேறு எதுவும் குறிப்பிடாமல் பிடிஎஃப் கேட்டால் அது லேடெக்கைத்தான் தேடும், இல்லையென்றால் பிழை காட்டி நின்றுவிடும். ஆனால் அது பாண்டாக்கின் இயல்பு அமைப்பு மட்டுமே. அதிலேயே பிடிஎஃப் உருவாக்க வீஸிபிரிண்ட் போன்ற வேறு எஞ்சினையும் தேர்ந்தெடுக்கலாம். சாதாரண உரைக்கு பாண்டாக்கும் தேவைப்படாது.

நீங்களே சோதித்துப் பாருங்கள். நோட்பேடில் நான்கு வரி தமிழில் தட்டி, யூடிஎஃப்-8 (தமிழ் எழுத்துகளையும் சேமிக்கும் முறை) குறியாக்கத்தில் சேமியுங்கள். அந்தக் கோப்பை குரோம் உலாவிக்குள் இழுத்துப் போட்டு, கண்ட்ரோலும் பி-யும் சேர்த்து அழுத்துங்கள். அச்சுப்பொறியின் பெயர் வரும் இடத்தில் பிடிஎஃப் ஆகச் சேமிக்கும் வழி இருக்கும். இணையத்தைத் துண்டித்துவிட்டுச் செய்தாலும் வேலை நடக்கும், ஆக உங்கள் கோப்பு எங்கும் பதிவேற்றப்படுவதில்லை. விண்டோஸ் 10 முதல் நோட்பேடிலிருந்தே 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' மூலமும் இதைச் செய்யலாம்.

கணிதச் சமன்பாடுகள் நிறைந்த ஆய்வேடு என்றால் லேடெக் நல்ல தேர்வுதான், அதை மறுக்கவில்லை. இங்கே கேட்கப்பட்டதோ இரண்டு பக்கக் கடிதம். அதற்காகப் பல ஜிபி இறக்க வேண்டாம்.